கட்டுப்பணக் கணக்கை மலையகம் கேட்க வேண்டும்

2024 டிசம்பரில் இலங்கை மின்சார சபை ஒரு முன்மொழிவை அனுப்பியது: வரும் ஆறு மாதங்களுக்கு மின்கட்டணத்தில் மாற்றம் எதுவும் வேண்டாம். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அந்த முன்மொழிவை மக்கள் முன் வைத்தது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 10 வரை ஒன்பது மாகாணங்களிலும் அமர்வு நடத்தி, வந்தவர்களைப் பேசவிட்டது. சபை காட்டிய செலவுக் கணக்கையும் ஆராய்ந்தது. 2025 ஜனவரி 17 ஆம் திகதி கட்டணம் சராசரியாக 20 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் இதே ஆணைக்குழு 15 சதவீத உயர்வுக்கு அனுமதி கொடுத்தது. ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை மறுத்தது. ஒரு முறை இறங்கியது, ஒரு முறை ஏறியது, ஒரு முறை நின்றது. மூன்று முறையும் முன்மொழிவு என்ன, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன, ஆணைக்குழு அதை ஏன் ஏற்றது அல்லது மறுத்தது என்று கேட்க நாட்டில் ஓர் இடம் இருந்தது. மின்பட்டியலுக்கு இருக்கிற இந்த இடம் காப்புறுதிக் கட்டுப்பணத்துக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வியை மலையகத்திலிருந்து கேட்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இந்த மலைகளில் ஆபத்து அதிகம், அந்த ஆபத்துக்கு விலை குறிக்கும் அறைக்குள் மலையக மக்களின் குரல் சிறிதும் இல்லை.

எளிய உதாரணம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஹட்டன் நகரில் வரிசையில் நிற்கும் முச்சக்கரவண்டிகளில் எதுவும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. மின்சாரத்தையாவது ஒருவர் சிக்கனமாகப் பாவிக்கலாம், இரவில் ஒரு மின்குமிழோடு சமாளிக்கலாம். மூன்றாந்தரப்புக் காப்புறுதியை அரைவாசி எடுப்பது என்ற பேச்சே இல்லை. அரசே வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் பொருள் அது. கட்டாயப்படுத்துகிற அரசுக்கு, அந்தப் பொருளின் விலை எப்படி வந்தது என்று விளக்க ஏற்பாடு செய்யும் கடமையும் உண்டு. இந்தியாவில் மோட்டார் மூன்றாந்தரப்புக் கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது. முன்பு காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் இழப்பீட்டுத் தரவுகளோடு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். 2022 முதல் வீதிப் போக்குவரத்து அமைச்சு அந்தப் பொறுப்பை ஏற்று வரைவு அறிவித்தல் வெளியிடுகிறது. அங்கேயும் குறைகள் இருக்கின்றன. ஆனால் ஆட்டோக்காரர் சங்கம் ஒன்று கையில் எடுத்து வாதாட ஒரு தாள் இருக்கிறது. நம்மிடம் அந்தத் தாள்கூட இல்லை.

கட்டுப்பணம் என்பது இயற்கை தரும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். கணிப்பாளர் ஒருவர் இயந்திரத்தில் தரவைப் போட்டால் மறுபக்கம் விலை விழும் என்பது அந்த எண்ணம். நடப்பது வேறு. வரப்போகும் ஆண்டில் எத்தனை விபத்து நடக்கும் என்பது ஓர் ஊகம். எந்தெந்த ஆண்டுகளின் அனுபவத்தை வைத்து அதை ஊகிப்பது என்பது ஒரு தெரிவு. முகவருக்கு எவ்வளவு தரகு, அலுவலகத்துக்கு எவ்வளவு செலவு, வெளிநாட்டு மீள்காப்புறுதியாளருக்கு எவ்வளவு, பங்குதாரருக்கு எவ்வளவு இலாபம் என்பவை எல்லாம் யாரோ எடுத்த முடிவுகள். யாரை யாரோடு ஒரே கூடையில் போடுவது என்பது இவற்றில் மிகப் பெரிய முடிவு. பொகவந்தலாவையின் வளைவுப் பாதையில் ஓடும் முச்சக்கரவண்டியையும் கொழும்பு நெரிசலில் ஓடும் முச்சக்கரவண்டியையும் ஒன்றாகக் கணக்கிட்டால் ஒருவர் மற்றவரின் ஆபத்தைச் சுமக்கிறார். வேறு வேறாகக் கணக்கிட்டால் ஒருவரின் செலவு திடீரென்று ஏறுகிறது. எது நியாயம் என்பதைக் கணிதம் சொல்லாது. ஒரு பேச்சுக்கு, வாங்கிய நூறு ரூபாவில் எழுபது ரூபா இழப்பீடாக மக்களிடம் திரும்பும் நிறுவனத்தையும் நாற்பது ரூபா மட்டும் திரும்பும் நிறுவனத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் சட்டப்படி நடக்கலாம், இரண்டும் திவாலாகாமல் இருக்கலாம். வாங்குபவருக்கு அந்த முப்பது ரூபா வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

இலங்கையில் இந்த வித்தியாசத்தை மக்கள் சார்பில் கேட்கும் கடமை யாருக்கு? 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதித் தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் ஒரு சபையை உருவாக்கியது. 2017 இல் அது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று பெயர் மாறியது. நிறுவனங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பண பலத்தோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் முதன்மையான வேலை. அது தேவையான வேலை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆணைக்குழு ஆண்டறிக்கை வெளியிடுகிறது, துறையின் மொத்தக் கட்டுப்பணமும் இழப்பீடும் அதில் கிடைக்கின்றன. ஆனால் ஒரு கட்டுப்பணம் உயரும் முன் அதற்கான காரணத்தைப் பகிரங்கமாக வைத்து, மக்களை அழைத்துக் கேட்டு, எழுத்தில் தீர்ப்புச் சொல்லும் நடைமுறை நம்மிடம் இல்லை. 2005 முதல் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். அவரிடம் போவது இழப்பீடு மறுக்கப்பட்ட பிறகு. விலை நிர்ணயிக்கப்படும் நேரத்தில் பேச அவரும் வழியல்ல. வரலாற்றைத் திரும்பிப் பார்த்தாலும் இதே கதைதான். 1962 இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தொடங்கி, அந்தத் தசாப்தத்தில் துறை முழுவதும் அரசின் கைக்குள் வந்தது. 1980களின் கடைசியில் தனியார் நிறுவனங்கள் மீண்டும் வந்தன. 2003 இல் கூட்டுத்தாபனம் விற்கப்பட்டது. 2009 இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையைச் செல்லாது என்றது. அரசா தனியாரா என்று நாடு அரை நூற்றாண்டு வாதாடியது. இரண்டு காலத்திலும் கட்டுப்பணம் கட்டுபவரை அழைத்து யாரும் கேட்கவில்லை.

இனி மலைக்கு வருவோம். தோட்டத்துக்குள் காப்புறுதி வரும் பாதைகள் பல. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு முகவர் வந்து விற்கும் ஆயுள் காப்புறுதி ஒன்று. மழையோ வறட்சியோ வந்து மாதத்தில் பேர், அதாவது வேலை நாள், குறைந்தால் தவணை தவறுகிறது. முதல் சில ஆண்டுகளுக்குள் நின்றுபோன ஒப்பந்தத்தில் கட்டிய பணம் பெரும்பாலும் கைக்குத் திரும்புவதில்லை. மரக்கறி பயிரிடுபவர்களுக்கு வேறொரு பாதை: 2018 முதல் கட்டுப்பணம் இன்றி வழங்கப்பட்ட பயிர்க் காப்புறுதியில் நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், மிளகாய் ஆகியவற்றோடு உருளைக்கிழங்கு இருந்தது. நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இந்த ஆறு, ஏன் அவை இல்லை என்பதற்கான வாதத்தை கந்தப்பளை விவசாயியின் முன்னால் யாராவது வைத்தார்களா? ஆனாலும் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விடயம் மலையே சரிந்து வரும் ஆபத்து. என் வாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது.

2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் ஊடாக தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் தொடங்கியது. நாட்டின் வீடுகள் அனைத்துக்குமாகத் திறைசேரி 300 மில்லியன் ரூபா கட்டுப்பணம் கட்டியது, 10 பில்லியன் ரூபா வரை பாதுகாப்புக் கிடைத்தது. ஒரு வீட்டுக்கு உச்ச வரம்பு 25 இலட்சம் ரூபா. அடுத்த மாதமே, மே 17 ஆம் திகதி, கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். வெள்ளமும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு புதுப்பித்தபோது கட்டுப்பணம் கூடியது. திறைசேரி கட்டினால் அது நம் வரிப்பணம். தேயிலைத் தொழிலாளி வருமான வரி கட்டாமல் இருக்கலாம், சீனியிலும் பருப்பிலும் மண்ணெண்ணெயிலும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே அவரும் இந்தக் காப்புறுதியின் வாடிக்கையாளர். அவருக்குத் தெரிய வேண்டியவை சில உண்டு. 25 இலட்சம் என்ற வரம்பு எந்த வீட்டை மனதில் வைத்துக் குறிக்கப்பட்டது? லயத்தின் ஓர் அறை அந்தக் கணக்கில் ஒரு வீடா, அல்லது பத்து அறைகள் கொண்ட முழு லயமும் ஒரு கட்டடமா? இடிந்தால் பணம் குடியிருப்பவருக்கா, கட்டடத்தின் உரிமையாளருக்கா?

கடைசிக் கேள்வி சட்ட நுணுக்கம் போலத் தெரியலாம். தோட்டத்தில் அது உயிர்நாடி. காப்புறுதி எடுக்க வேண்டுமானால் அந்தப் பொருளில் ஒருவருக்குச் சட்டம் ஏற்கும் உரித்து அல்லது நலன் இருக்க வேண்டும். பெருந்தோட்டக் காணி அரசின் சொத்து. 1992 இல் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகை வந்தது. நான்கு தலைமுறை அதே லயக் காம்பராவில், அந்த ஓர் அறையில், பிறந்து வாழ்ந்த குடும்பத்திடம் அந்தச் சுவருக்கான ஒரு துண்டுப் பத்திரம் இல்லை. இந்திய உதவியில் கட்டப்படும் தனி வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன, ஏழு பேர்ச்சஸ் காணி, பத்து பேர்ச்சஸ் காணி என்ற அறிவிப்புகளும் வந்தன. லயத்திலேயே இருப்பவர்களின் தொகை இன்னும் பெரியது. உரித்து இல்லாதவருக்குத் தனியார் சந்தை வீட்டுக் காப்புறுதியை விற்காது. அதனால் அரசின் திட்டம் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும் கதவு. மிஞ்சியிருக்கும் ஒரே கதவின் பூட்டுச் சாவி யாரிடம் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

தகவல் மூடிக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை மலையகம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, காகிதம் அலுவலகங்களில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் மீண்டும் சரிந்தன. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இப்படி ஒரு பேரழிவுக்குப் பிறகு மண்சரிவுக் காப்புறுதி பற்றிய பேச்சு எழும், எழவும் வேண்டும். எழும்போது அந்தக் காப்புறுதிக்கு விலை குறிக்கப்படும். ஆபத்து வலய வரைபடத்தை எடுத்து, சிவப்பு நிறத்தில் இருக்கும் இடத்துக்கு ஒரு கட்டணம், மஞ்சளுக்கு ஒரு கட்டணம் என்று பிரிப்பார்கள், அல்லது சிவப்புக்குக் காப்புறுதியே இல்லை என்று சொல்வார்கள்.

அந்த வரைபடத்தை விலையாக மாற்றும் கணத்தில்தான் மக்கள் அங்கே இருக்க வேண்டும். ஏனென்றால் தோட்டத்து ஆபத்தில் குடியிருப்பவரின் தெரிவு மிகக் குறைவு. லயம் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் பிரித்தானியத் தோட்டத் துரைமார். நல்ல நிலம் தேயிலைக்குப் போனது, மிஞ்சிய சரிவு ஆட்களுக்கு வந்தது. மலையில் பெய்யும் மழையை வழிநடத்துவது கான்கள் எனப்படும் வடிகால்கள். கான் வெட்டுவதும் துப்புரவாக வைத்திருப்பதும் நிர்வாகத்தின் வேலை. கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது, மண் நெகிழ்கிறது, கீழே லயம் இருக்கிறது. தேயிலையைப் பராமரிக்காமல் காடாக விட்ட மலைகளும், வீதி அமைக்கக் குறுக்கே வெட்டிய மலைகளும் இந்தக் கணக்கில் சேரும். இவ்வளவையும் விட்டுவிட்டு, சிவப்பு வலயத்தில் இருக்கிறாய், ஆகவே அதிகம் கட்டு என்று குடியிருப்பவரிடம் சொல்வது, பிறர் செய்த தவறுக்கு இவரிடம் தண்டம் அறவிடுவது. கானைச் சீர்செய்த தோட்டத்துக்குக் கட்டுப்பணம் குறையும், செய்யாத கம்பனி வித்தியாசத்தைக் கட்ட வேண்டும் என்றும் அதே கணக்கை எழுத முடியும். எந்த முறையில் எழுதுவது என்பதை, எந்த மலையில் எந்தக் கான் எப்போது தூர்ந்தது என்று அறிந்தவர்கள் முன்னால் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்த மலையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரியும். கொழும்பில் இருக்கும் மாதிரிக் கணிப்புக்கு அது தெரியாது.

இப்படி ஒரு நடைமுறை உலகில் எங்காவது நடந்திருக்கிறதா என்றால், நடக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1988 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 103 ஆம் முன்மொழிவு நிறைவேறியது. வாகனம், வீடு போன்றவற்றின் கட்டுப்பணத்தை உயர்த்த விரும்பும் நிறுவனம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அதற்காகக் கொடுக்கும் தகவல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும். உயர்வு 7 சதவீதத்தைத் தாண்டினால் நுகர்வோர் கோரும்போது விசாரணை நடத்தியாக வேண்டும். மக்கள் சார்பில் தலையிட்டு உருப்படியான வாதம் வைப்பவரின் செலவும் ஈடுசெய்யப்படும். காப்புறுதி ஆணையாளரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஜனவரி லொஸ் ஏஞ்சலிஸ் தீக்குப் பிறகு அந்த மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனம் அவசரமாக 22 சதவீத உயர்வு கேட்டது. ஏப்ரலில் நிர்வாக நீதிபதி முன் விசாரணை நடந்தது, மே மாதம் 17 சதவீதத்துக்கு அனுமதி கிடைத்தது. அதோடு தாய்க் கம்பனி 400 மில்லியன் டொலர் மூலதனம் தர வேண்டும் என்றும், ஆண்டு இறுதிவரை ஒப்பந்தங்களைக் கூட்டமாகப் புதுப்பிக்காமல் விடுவதை நிறுத்த வேண்டும் என்றும் ஏற்பாடாகியது. தீயில் வீடிழந்தவர்களுக்கு இது போதுமான ஆறுதல் என்று சொல்லமாட்டேன். ஆனால் 22 க்கும் 17 க்கும் இடையில் இருந்த ஐந்து சதவீதமும் அந்த நிபந்தனைகளும் மூடிய அறையில் பிறந்திருக்காது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மிகக் கனமானதை முதலில் எடுக்கிறேன். மக்களைக் கேட்டால் குறை என்றுதான் சொல்வார்கள், குறைத்துக்கொண்டே போனால் நிறுவனம் முறிந்துவிடும், முறிந்தால் இழப்பீடு தர ஆளிருக்காது என்பது அது. இந்தப் பயம் வெறும் பயமல்ல. கலிபோர்னியாவிலேயே அனுமதி தாமதமாகிறது, காட்டுத்தீயின் செலவைக் கட்டுப்பணத்தில் சேர்க்க முடியவில்லை என்று நிறுவனங்கள் முறையிட்டன. மேற்சொன்ன அதே நிறுவனம் 2023 மே மாதம் புதிய வீட்டுக் காப்புறுதிகளை எடுப்பதையே நிறுத்தியது. நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது: 2014 இல் குறைத்த மின்கட்டணத்தை எட்டு ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்தோம், நட்டம் மலையாகக் குவிந்தது, 2022 ஓகஸ்டில் ஒரே அடியில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் ஏறியது. லயத்தில் தனி மின்மானி வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்த மாதங்கள் மறக்காது. ஆனால் அந்த எட்டு ஆண்டு உறக்கத்துக்குக் காரணம் மக்களைக் கேட்டதா? தேர்தலை எண்ணி அரசியல் எடுத்த முடிவு அது. ஒவ்வோர் ஆறு மாதமும் கணக்கை விரித்து வைத்திருந்தால், செலவு ஏறுகிறது, சிறிது சிறிதாகக் கட்டுவோம் என்று மக்களிடம் சொல்லும் வாய்ப்பும் வந்திருக்கும். 2025 ஜூனில் 15 சதவீதம் உயர்ந்ததும் விசாரணைக்குப் பிறகுதான், நாடு தீப்பற்றி எரியவில்லை. காரணம் சொல்லப்பட்ட உயர்வை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். நிறுவனம் முறியாமல் இருக்கத் தேவையான அளவு கட்டுப்பணம் இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் அளவுகோலாகவே எழுதலாம், விசாரணைக்குக் கால எல்லையும் விதிக்கலாம்.

இன்னொரு பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. விசாரணை நடத்தும் ஆணைக்குழு ஆட்சியாளரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எல்லாம் சடங்காகிவிடும். 2023 இல் கட்டண உயர்வை எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவரை மே மாதம் நாடாளுமன்றம் வாக்களித்துப் பதவி நீக்கியது. அவர் செய்தது சரியா பிழையா என்பதில் இரு கருத்து இருக்கலாம். அந்த நிகழ்வு ஒழுங்குபடுத்துபவர்கள் எல்லோருக்கும் அனுப்பிய செய்தி நல்லதல்ல. காப்புறுதியில் இதை முன்கூட்டியே யோசித்து, பதவிக்காலத்துக்கும் நீக்கத்துக்கும் வலுவான விதி வைக்க வேண்டும்.

போட்டி இருக்கிறதே, ஒரு நிறுவனம் அதிகம் கேட்டால் வாடிக்கையாளர் இன்னொன்றுக்குப் போவார், விசாரணை எதற்கு என்பார்கள் சிலர். பல நிறுவனங்களின் விலைகளைக் கணினியில் ஒப்பிட்டு, ஆங்கிலத்திலுள்ள விதிமுறைகளைப் படித்து, விலக்குகளின் பட்டியலை எடைபோடக்கூடியவருக்கு அந்தப் பதில் ஓரளவு பொருந்தும். சாமிமலைக்கு மேலே உள்ள தோட்டத்துக்கு எத்தனை முகவர்கள் ஏறி வருகிறார்கள்? தெரிந்த ஒருவர், பெரும்பாலும் உறவுக்காரர் அல்லது ஊர்க்காரர், அவர் விற்பதை வாங்குகிறார்கள். அனர்த்தக் காப்புறுதியிலோ அந்தப் போட்டியும் இல்லை. அரச நிதியம் ஒன்று, திறைசேரி ஒன்று, அவ்வளவுதான். இது சிக்கலான கணிதம், சாதாரண மக்களுக்குப் புரியாது என்ற பதிலையும் கேட்டிருக்கிறோம். மின்னுற்பத்திச் செலவும் சிக்கலான கணிதம்தான், அனல், நீர், எரிபொருள், கடன் வட்டி என்று நீளும் அந்தக் கணக்கை நுகர்வோர் குழுக்களும் பொறியியலாளர்களும் அமர்வுகளில் பிரித்துக் காட்டவில்லையா? வியாபார இரகசியம் என்ற வாதத்தில் சிறிது நியாயம் உண்டு. தனி வாடிக்கையாளரின் விவரமும் மீள்காப்புறுதிப் பேரத்தின் நடுவிலுள்ள கடிதங்களும் மூடியிருக்கலாம். வாங்கிய கட்டுப்பணம், கொடுத்த இழப்பீடு, தரகு, நிர்வாகச் செலவு, மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாவட்ட வாரியாக வெளியிடுவதில் எந்த இரகசியமும் போகாது.

உண்மையில் மலையக மக்களுக்கு விலை நிர்ணய விசாரணை புதிதல்ல. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி தேயிலைக்கான சம்பளச் சபையில் முதலாளிகள், தொழிலாளர், நியமன உறுப்பினர்கள் என்று மூன்று தரப்பும் அமர்கின்றன. தீர்மானிக்கப் போவதை முதலில் அறிவித்து, ஆட்சேபனைகளை வாங்கிப் பரிசீலித்த பிறகுதான் வர்த்தமானி வருகிறது. 2021 மார்ச்சில் 1,000 ரூபா நாட்சம்பளம் இப்படித்தான் வந்தது, 2024 செப்டம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமும் இந்த வழியில் வந்தது. அந்த ஆண்டுகளில் ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவு எவ்வளவு, ஏல விலை எவ்வளவு, தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்று பத்திரிகைகளிலும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்திலும் பேசப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, தொழிற்சங்கங்கள் பதில் சொன்னன. உழைப்பின் விலையை இப்படிப் பேசத் தெரிந்த மக்களுக்கு ஆபத்தின் விலையைப் பேசத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

பேச வருவதற்கான வழியையும் செப்பனிட வேண்டும். மத்திய மாகாணத்துக்கு ஓர் அமர்வு என்று சொல்லி அதைக் கண்டியில் வார நாளில் வைத்தால், நோர்வூட் தொழிலாளிக்கு அது ஒரு பேர் இழப்பு, பஸ் கட்டணம் வேறு. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஞாயிற்றுக்கிழமை அமர்வு வைக்கலாம். ஆவணங்கள் தமிழில், மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் அடித்த தமிழில் அல்லாமல், படித்துப் புரியும் தமிழில் வர வேண்டும். கணிப்பாளர் ஒருவரை அமர்த்திக் கணக்கைச் சரிபார்க்கத் தொழிற்சங்கத்துக்கோ நுகர்வோர் அமைப்புக்கோ பணம் வேண்டும், அதைக் காப்புறுதித் துறை மீதான வருடாந்த அறவீட்டில் ஒரு சிறு பங்காகச் சேர்க்கலாம். தொழிற்சங்கங்களும் இதைத் தங்கள் வேலையாக எடுக்க வேண்டும். சம்பளப் பேச்சு முடிந்ததும் அடுத்த சம்பளப் பேச்சு வரை காத்திருக்கும் பழக்கம், மண்சரிவுக்குப் பிறகு செல்லாது.

இதற்கு முழுச் சட்டமும் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்டாய மூன்றாந்தரப்புக் காப்புறுதியும் திறைசேரி கட்டும் அனர்த்தக் காப்புறுதியும் என்ற இரண்டில் மட்டும் முதலில் தொடங்கலாம். அந்தத் தொடக்கத்துக்கு முன்னாலும் ஒரு கருவி கையில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்திடம் யாரும் எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் அனர்த்தக் காப்புறுதிக் கணக்கில் எத்தனை வீடுகள் சேர்க்கப்பட்டுள்ளன, அவற்றில் லயக் காம்பராக்கள் எத்தனை? 2016 முதல் ஒவ்வோர் ஆண்டும் கட்டிய கட்டுப்பணம் எவ்வளவு, மாவட்டத்துக்கு வந்த இழப்பீடு எவ்வளவு? லயம் இடிந்த கோரிக்கைகளில் பணம் யார் பெயரில் எழுதப்பட்டது? இந்த மூன்று கேள்விகளையும் ஹட்டன் தபாலகத்திலிருந்து பதிவுத் தபாலில், தமிழில், நாளைக்கே அனுப்பலாம்.